மூச்சை அளக்கும் பட்டன் – கடிதம்

வணக்கம் சார்,

நான் ஐசியூவில் பணிபுரியும் இளம் டாக்டர். நிமோனியா நோயாளி ஒருவர் வென்டிலேட்டரில் பிரஷர் சப்போர்ட் (மூச்சை இழுக்கும்போது மெஷின் தரும் கூடுதல் அழுத்தம்) 8, பீப் (மூச்சை விட்ட பிறகும் நிற்கும் அழுத்தம்) 8-இல் இருக்கிறார். ரத்த ஆக்சிஜன் சாச்சுரேஷன் 97 சதவீதம். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை இழுபடுகிறது. ‘97 இருக்கிறதே, விடு’ என்கிறார்கள். மூச்சு முயற்சியை அளக்க, உணவுக்குழாய்க்குள் வைத்து அழுத்தம் பார்க்கும் பலூன் எங்களிடம் இல்லை. எந்த வகை வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கழுத்தைப் பார்த்தீர்கள் பாருங்கள், அதற்காகவே இந்தப் பதில். அந்த 97-ஐத் தக்கவைக்க உதரவிதானம் படும் பாடு சாச்சுரேஷனில் தெரியாது.

பலூன் கிடக்கட்டும். உங்கள் வென்டிலேட்டரில் எக்ஸ்பிரேட்டரி ஹோல்ட் (மூச்சை விட்ட முடிவில் வால்வை மூடிவைக்கும்) பட்டன் இருக்கிறதே, அதை அங்கே யாராவது தொட்டதுண்டா? பல லட்ச ரூபாய் மெஷினை வாங்கி வைத்துவிட்டு, அதில் இருப்பதையே அழுத்திப் பார்க்காமல் இன்னொரு பொருளுக்கு இண்டென்ட் போடுவது என்ன பழக்கம்?

நோயாளி மூச்சை வெளிவிடும்போது அழுத்துங்கள். வால்வு மூடியிருக்க, அடுத்த மூச்சை இழுக்கப் பார்ப்பார். காற்று வராது, அழுத்தக் கோடு கீழே விழும். முதல் மூச்சோடு விட்டுவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது மூச்சில் அவர் மிரண்டு இன்னும் பலமாக இழுப்பார், அந்த எண் உதவாது. பீப் 8-இலிருந்து கோடு −16 வரை போனால் இறக்கம் 24 செ.மீ. நீர் அழுத்தம். அதில் முக்கால் பங்கு, 18, தசையின் அழுத்தம். 15-ஐத் தாண்டினாலே அதிகம். அடுத்து நுரையீரலின் சுமை: இறக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 16. மெஷின் தரும் 8-ஐ அதோடு கூட்டினால் 24. மெஷின் 8 தானே தருகிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்க, நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 24-இல் இழுபடுகிறது. இந்தக் கூட்டுத்தொகை 17-க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். 2019-இல் டொராண்டோ ஆய்வுக்குழு வெளியிட்ட கணக்கு இது. உத்தேசக் கணக்குதான், ஆனால் ஆபத்தைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

மூச்சுக்குழாய்க் குழலைச் சுற்றியுள்ள கஃப்பில் லீக் இருந்தால் இறக்கம் குறைவாகத் தெரியும். சளியை உறிஞ்சி சக்ஷன் செய்த கையோடு, புரட்டிப் படுக்கவைத்த கையோடு அளக்காதீர்கள். இடைவெளி விட்டு மூன்று முறை பாருங்கள்.

மூளை எவ்வளவு வேகமாக மூச்சை விரட்டுகிறது என்று காட்டும் எண் பி 0.1. திரையில் தானாக வரும் அதை அப்படியே நம்ப வேண்டாம். சில மெஷின்கள் வால்வை மூடாமல், நோயாளியின் இழுப்பை உணர்ந்து மெஷின் டிரிக்கர் ஆகும் நேரத்தை வைத்து ஊகித்துச் சொல்பவை, குறைத்துக் காட்டும். ஹோல்டின் முதல் 100 மில்லி செகண்டில் விழும் அளவே சரியான பி 0.1. அது 4-க்கு மேல் போயும் மொத்த இறக்கம் சொற்பம் என்றால், மூளை விரட்டுகிறது, தசைக்குத் தெம்பில்லை.

பலூன் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? 1982-இல் பேடூர் என்பவரின் ஆய்வுக்குழு சொன்ன சோதனையால்தான்: மூச்சை அடைத்துவிட்டு, உணவுக்குழாய் இறக்கத்தைக் காற்றுவழி இறக்கத்தால் வகுத்தால் 0.8 முதல் 1.2-க்குள் வர வேண்டும். அதற்கும் இதே பட்டன்தான்!

எண் அதிகமென்றதும் மயக்க மருந்துக்கு ஓடாதீர்கள். காய்ச்சல், வலி, நிரம்பிய சிறுநீர்ப்பை, ரத்தத்தில் அமிலம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மருந்து தேவைதான் என்றால், ஃபென்டனில் பெரும்பாலும் மூச்சின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும். இழுக்கும் பலத்தைக் குறைப்பது புரொப்போஃபால். சப்போர்ட்டை ஏற்றினால் மறுபடி ஹோல்ட் போட்டுக் கூட்டுத்தொகையைப் பாருங்கள்: தசை ஓய்ந்தும் மெஷின் பங்கு ஏறியதால் நுரையீரலின் சுமை அப்படியே நிற்கலாம்.