பிரபலம் யாரும் வாழாத வீடு

(பழைய வீடுகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர் பதில் சொல்கிறார்.)

தியாகராய நகரில் என் தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. முகப்பில் சுண்ணாம்பு எழுத்தில் வீட்டின் பெயரும் 1936 என்ற வருஷமும் இருக்கின்றன. தாத்தா ஹைகோர்ட்டில் குமாஸ்தா. இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டலாம் என்கிறார்கள் என் அண்ணன்மார். "இங்கே என்ன எம்.ஜி.ஆரா குடியிருந்தார், பாரம்பரியம் கீரம்பரியம் என்கிறாயே?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, சென்னை-17

எம்.ஜி.ஆர். வீடு ஆற்காடு தெருவில் நினைவு இல்லமாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. குமாஸ்தாவும் வாத்தியாரும் வக்கீலும் கட்டிய வீடுகளைக் கேட்கத்தான் நாதியில்லை. இத்தனைக்கும் அந்தப் பேட்டையில் வந்து வீடு கட்டியவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

தாத்தா மனை வாங்குவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்புவரை அங்கே ஏரி இருந்தது. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த தண்ணீர். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 தொடங்கி ஏரியை வடித்து, தூர்த்து, மனை பிரித்தார்கள். நீதிக்கட்சி ஆட்சிக் காலம் அது. ஊருக்குப் பிட்டி தியாகராயர் பெயர், நடுவிலுள்ள பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர், இன்னொரு பூங்காவுக்கு டாக்டர் நடேசனார் பெயர். 1931-ல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மாம்பலத்தில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, ஹைகோர்ட்டுக்கு நடந்துவிடலாம். ஒரு கோர்ட் குமாஸ்தா மயிலாப்பூரையோ திருவல்லிக்கேணியையோ விட்டு இவ்வளவு தூரம் வந்து வீடு கட்டத் துணிந்ததற்கு அந்த ரயிலும் ஒரு காரணமாக இருந்திருக்கும். உங்கள் முகப்பிலுள்ள 1936-ஐ இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் நான் அதிக நேரம் பார்த்தது வீட்டின் அமைப்பைத்தான். அக்கிரகாரத்து வீட்டில் பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது, திண்ணை தெருவோடு ஒட்டியது. உங்கள் வீட்டில் நாலு பக்கமும் இடம் விட்டிருக்கிறார்கள். காம்பவுண்டு சுவர், கேட், கொஞ்சம் தோட்டம், அப்புறம்தான் வீடு. ஆனால் தாத்தாவுக்குத் திண்ணையை விட மனசில்லை. வராந்தாவின் இரண்டு பக்கமும் சிமென்ட் மேடை போட்டு, சாய்ந்துகொள்ளச் சரிவும் வைத்திருக்கிறார். முற்றம் சுருங்கி, மேலே கண்ணாடி போட்ட நாலடிச் சதுரமாகிவிட்டது. கூடத்து உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கிகள் இருக்கின்றன. வெளி ஜன்னலிலோ உதயசூரியன் மாதிரி விரிந்த இரும்புக் கம்பிகள், அன்று பம்பாயிலும் சென்னையிலும் புது மோஸ்தர். பழைய வாழ்க்கையில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒரு குடும்பம் யோசித்து எடுத்த முடிவுகள் அந்த வீட்டில் செங்கல்லாக நிற்கின்றன. எந்தத் தலைவர் வீட்டிலும் இது இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது, அங்கே பணம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

கொல்லைப்புறச் சுவரில் ஒரு சின்னக் கதவு செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறதே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதாளச் சாக்கடை வருவதற்கு முன், மலம் அள்ளும் தொழிலாளிகள் வீட்டுக்குள் வராமல் பின்பக்கமாகவே வந்து போவதற்கு வைத்த வழி அது. முன்வாசலில் கேட்டும் தோட்டமும், பின்வாசலில் இந்தக் கதவும் ஒரே பிளானில் வரைந்தவை. மனிதர் மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-ல்தான் வந்தது. வீட்டின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கதவையும் காட்டித்தான் பேச வேண்டும். இடித்தால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

ஆகவே இடிக்க வேண்டாம் என்பதே என் பதில். அண்ணன்மாருக்குப் பணத் தேவை இருக்கும், அதையும் தள்ளிவிட முடியாது. பின்னால் ஒன்றரை கிரவுண்டு காலி என்று எழுதியிருக்கிறீர்கள். முன்வீட்டை நிறுத்திவைத்துப் பின்னால் மட்டும் கட்ட முடியுமா என்று, பில்டரிடம் பேசும் முன் ஒரு ஆர்க்கிடெக்டிடம் பிளான் போட்டுக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் வருஷம் எதுவும் பொறிக்கவில்லை. எப்போது கட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மேற்கு மாம்பலம்

மூலப்பத்திரத்தில் தொடங்குங்கள். ஒரு பத்திரத்தில் "காலி மனை" என்றும் அடுத்ததில் "தார்சு வீடு" (மொட்டைமாடித் தளம் போட்ட வீடு) என்றும் இருந்தால், இரண்டுக்கும் இடையில்தான் வீடு எழும்பியிருக்கிறது. ஆன்லைன் வில்லங்கச் சான்று மிகப் பழைய வருஷங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் அந்த வருஷங்களுக்கு உரியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கையால் எழுதிய புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் போய், அசைலம் பிரஸ் வெளியிட்ட பழைய டைரக்டரிகளைக் கேட்டுப் பாருங்கள். தெருவாரியாகக் குடியிருந்தவர் பெயர் போட்டிருப்பார்கள்.

வீடும் சொல்லும். ஓட்டுச் சார்ப்பு இருந்தால் ஒரு மங்களூர் ஓட்டைக் கழற்றித் திருப்புங்கள், கம்பெனி பெயர் பொறித்திருக்கும். இரும்பு உத்திரம் இருந்தால் பெயின்டைச் சுரண்டுங்கள், அதிலும் தயாரித்த ஆலையின் பெயர் புடைத்து நிற்கும். இவற்றை வைத்து வருஷத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆனால் பத்திரம் சொல்வது சரியா என்று பார்க்க உதவும்.

பாரம்பரியக் கட்டடம் என்று பதிவாகிவிட்டால் விற்கவே முடியாதாமே?
– பெயர் வேண்டாம், மயிலாப்பூர்

விற்கலாம். பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்கவோ பெரிதாக மாற்றவோதான் அனுமதி வேண்டும். மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்க விடாமல் 2010-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, நகரின் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலும் பேசப்பட்டது. சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அதற்கென ஒரு குழுவும் அமைந்தது. உங்கள் வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புறநகராகத் தொடங்கிய பேட்டைகளின் சாதாரண வீடுகள் அநேகமாக அதில் வருவதில்லை. எனக்கு அது பெரிய குறை.

கட்டைக்குத்து மச்சு ஒழுகுகிறது. மேலே மூன்று அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். போடலாமா?
– வாசகி, புரசைவாக்கம்

வேண்டவே வேண்டாம். என் அப்பா மேஸ்திரி, இந்த மாதிரி மச்சுகளைப் போட்டவர். தேக்குக் கட்டைகள் வரிசையாக வைத்து, அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் அடிப்பார்கள், நாள் கணக்கில். அடி விழுந்ததும் கட்டை எகிறி வந்தால்தான் இறுகிவிட்டது என்று அப்பா ஒத்துக்கொள்வார். அதற்கும் மேலே தட்டோடு என்ற தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள்.

இந்த மச்சு ஈரத்தைக் குடித்து, வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்டைப் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். சுவருக்குள் நுழைந்திருக்கும் தேக்கின் முனை முதலில் உளுத்துப்போகும், கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. மூன்று அங்குலம் கான்கிரீட் சதுர அடிக்கு ஏறத்தாழ 18 கிலோ. வயசான கட்டைகளின்மேல் அதை ஏற்றாதீர்கள்.

மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை விரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவை அங்கேதான். உடைந்த தட்டோட்டை மட்டும் எடுத்து, அடியில் சுண்ணாம்புக் கலவையைப் புதுப்பித்து, மறுபடி பதிக்கலாம். சித்திரையில் ஆரம்பியுங்கள், ஐப்பசி மழைக்குள் சுண்ணாம்பு நன்றாகக் காய்ந்துவிடும்.