வயல் காய்ந்தால் நெல்லுக்கா பேச்சு?

கேள்வி: இருபது வருடமாக நான் மன்செஸ்டர் யுனைட்டெட் உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகன். நடுச்சாமம் வரை முழித்திருந்து பார்க்கிறேன். இங்கிலாந்தின் பிறீமியர் லீக்கில் 2024–25 பருவத்தில் வந்த இடம் 15! இப்போதைய வீரர்களுக்குக் காசுதான் பெரிது, கழகப் பற்று கிடையாது. எங்கள் ஊர்ப் பெடியளும் அப்படியே ஆகிவிட்டார்கள். ஒரு அணி விழுவதற்கு வீரர்கள்தானே காரணம்?
— விளையாட்டுக் கழகச் செயலாளர் ஒருவர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: செயலாளர் ஐயா, இரணைமடுக் குளத்து வாய்க்காலின் கடைசியில் ஒரு வயல் காய்ந்து கிடந்தால் நெற்பயிரைப் பிடித்து யாரும் ஏசுவதில்லை. தண்ணீர் திறக்கிற துருசை எப்போது பூட்டினார்கள், இத்தனை ஏக்கருக்கு யார் தலையாட்டினார்கள் என்றுதான் கேட்போம். உதைபந்தாட்டம் என்று வந்தவுடன் மட்டும் பயிர்மேல் கோபம் வந்துவிடுகிறது.

உங்கள் அணியையே எடுப்போம். அந்தப் பருவத்தில் 38 ஆட்டங்களில் 18 தோல்வி. விளையாடியவர்கள் வீரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் போல் பொக்பாவின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2012இல் ஒப்பந்தம் முடிந்து, கழகத்துக்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல் இத்தாலியின் யுவென்டசுக்குப் போனார். 2016இல் அதே ஆளை 89 மில்லியன் பவுண்டுக்கு, அன்றைய உலகச் சாதனை விலைக்கு, திருப்பி வாங்கினார்கள். 2022இல் ஒப்பந்தம் முடிய மறுபடியும் சும்மா, மறுபடியும் யுவென்டசுக்கு. ஒரே மாட்டை இரண்டு தரம் அவிழ்த்து விட்டு, நடுவில் ஒரு தரம் சந்தை விலைக்கு மேலே கொடுத்து வாங்கியது போல. இதில் மாட்டின் பிழை என்ன?

2013இல் நெடுங்காலப் பயிற்றுநர் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெற்ற அதே கோடையில் நிர்வாகத் தலைமையில் இருந்த டேவிட் கில்லும் விலகினார். வீட்டின் இரண்டு தூண்களையும் ஒரே நாளில் கழற்றின மாதிரி. பிறகு புதுப் பயிற்றுநர் டேவிட் மோயசுக்கு ஆறு வருட ஒப்பந்தம். பத்து மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பின் வந்த ஒவ்வொருவரும் தனக்குத் தோதான ஆட்களை வாங்கச் சொன்னார், வாங்கிக் கொடுத்தார்கள், ஆள் போனார், வாங்கினவர்கள் மிஞ்சினார்கள். 2024 யூலையில் அப்போதைய பயிற்றுநர் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீடித்தார்கள். ஒக்டோபரில் நீக்கினார்கள். அவருக்கும் உதவியாளர்களுக்கும் கொடுத்த நட்டஈடு மட்டும் 10 மில்லியன் பவுண்டுக்கு மேல். ஒப்பமிட்ட பேனாவின் மை காயவில்லை என்பார்களே, அது இதுதான். பிறகு செலவைக் குறைக்க வேண்டுமென்று நூற்றுக்கணக்கான பணியாளர்களை நிறுத்தினார்கள். கழகத்தின் மைதானமான ஓல்ட் ட்ரபோர்ட்டில் மிஞ்சியவர்களின் இலவச மதியச் சாப்பாட்டையும் வெட்டி, பதிலுக்குப் பழம் என்றார்கள். பிழைவிட்டவர்கள் மேசையில் இருக்க, சோற்றை இழந்தவன் டிக்கெட் கிழிக்கிறவன். 2005இல் கிளேசர் குடும்பம் கழகத்தை வாங்கப் பட்ட கடனில் பெரும் பங்கைக் கழகத்தின் தலையிலேயே ஏற்றியது தனிக் கதை.

இன்னொரு இங்கிலாந்துக் கழகமான லீட்ஸ் யுனைட்டெட் இதைவிடத் துலக்கமான பாடம். 2001இல் ஐரோப்பாவின் பெரிய கழகப் போட்டியான சம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போன அணி அது. சிறுபோகத்துக்கு எங்கள் கமக்காரர்கள் கூட்டம் வைத்து, குளத்தில் நிற்கிற தண்ணீரை அளந்துதான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிப்பார்கள். லீட்ஸ் நிர்வாகம் அடுத்த மாரி மழையை நம்பி விதைத்தது. வருங்காலத்தில் விற்கப்போகிற டிக்கெட் வருமானத்தை ஈடு வைத்து 60 மில்லியன் பவுண்ட் கடன். வருடாவருடம் சம்பியன்ஸ் லீக் காசு வரும் என்பது கணக்கு. அடுத்த பருவத்துக்கே அந்த இடம் கிடைக்கவில்லை. முன்னணி வீரர் றியோ பேர்டினண்டை விற்றார்கள். 2003இல் றொபி பௌலரை மன்செஸ்டர் சிற்றிக்கு விற்றபோது, அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸ்தான் தொடர்ந்து கட்டியது. அடுத்த வீட்டு வயலை உழுகிற உழவு இயந்திரத்துக்கு நாங்கள் டீசல் அடிப்பதுபோல. தலைவரின் அறையில் தங்கமீன் வளர்க்க மாதம் 20 பவுண்ட் வாடகை கட்டியதும் பின்னால் வெளியே வந்தது. உலகமே அந்த மீனைப் பார்த்துச் சிரித்தது. எனக்கென்றால் மீன்மேல் இரக்கம்தான்: கட்டின காசுக்கு ஒழுங்காக நீந்தியது அது மட்டும்தான். 2004இல் தரமிறங்கிய லீட்ஸ், 2007இல் மூன்றாம் தரத்துக்கே போய், 2020இல்தான் பிறீமியர் லீக்குக்குத் திரும்பியது. முடிவெடுத்தவர்கள் கொஞ்சக் காலத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். ரசிகன் பதினாறு வருடம் நின்றான்.

எங்கள் நாட்டுச் சங்கதியும் அதேதான். 2023 ஜனவரியில் வெளித்தலையீடு என்று சொல்லி இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை சர்வதேச ஆட்டம் எதுவும் ஆட வழியில்லை. அந்த ஏழு மாதமும் ஒரு வீரனும் பந்தைத் தவறாக உதைக்கவில்லை. உதைக்கப் பந்தே இல்லை.

இனி ஊருக்கு வருவோம். வன்னியில் ஒரு கழகத்தின் நிர்வாகத்தில் நானும் இரண்டு வருடம் குந்தியிருந்தவன்; பெயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து ஒரு தொகை வந்தது. வேப்பமரத்தடியில் கூட்டம், மடியில் கணக்குக் கொப்பி. சுற்றுப்போட்டிக்குப் பந்தல், ஒலிபெருக்கி, வாழைத் தோரணம், விருந்தினருக்குப் பொன்னாடை என்று கொப்பியில் ஒரு பக்கம் நிறைந்தது. தலைவர் பொன்னாடையின் நிறத்துக்கே அரை மணித்தியாலம் எடுத்தார். இறுதியாட்டத்தன்று எங்கள் கோல் காப்பாளன் போட்டிருந்தது மேசன் வேலைக்குப் போடுகிற கையுறை. மழைத்தூறலில் பந்து வழுக்கிப் பின்னால் போய் வலையில் விழுந்தது. பெடியனை எல்லோரும் ஏசினார்கள். நானும் ஏசினேன். அந்தக் கொப்பிப் பக்கத்தின் கீழே என் கையெழுத்தும் இருந்தது. அது ஞாபகம் வர எனக்கு வீடு போய்ச் சேரும்வரை பிடித்தது.

காசுக்கு விளையாடுகிறவர்கள் இல்லையென்று சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள். அவர்களை வாங்கினதும், அந்தச் சம்பளத்துக்குச் சம்மதித்ததும் யார் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். பெடியளின் குறைகளை எண்ணினேன், பதினொன்று. இரண்டு வருடத்தில் மூன்று பயிற்றுநர் மாறியது ஓரத்தில், அடைப்புக்குள், ஒரு வரி. அந்த மூன்று பேரையும் யார் கூப்பிட்டார்கள், யார் அனுப்பினார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கணக்குக் கொப்பியில் ஒரு பக்கத்தையும் பிரதி எடுத்துச் சேர்த்தால் பதில் இன்னும் நீளமாகத் தருகிறேன்.