எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் காயமே இல்லையா?

விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (கபடி வீரர், வயது 22): ரெய்டு போய்த் திரும்பும்போது வலது கால் ஊன்றியபடியே நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போவதற்குள் நன்றாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. நடக்கிறேன், சைக்கிள் ஓட்டுகிறேன். சட்டென்று திரும்பினால் மட்டும் முட்டி நழுவுகிறது. அடுத்த மாதம் ஊர்த் திருவிழாப் போட்டி. முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு ஆடலாமா?

பதில்: ஆடாதீர்கள் தம்பி. சத்தம், சில மணி நேரத்துக்குள் வந்த வீக்கம், திரும்பும்போது நழுவுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏ.சி.எல். எனப்படும் முன் குறுக்குத் தசைநாரை. வீரர்கள் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அவ்வளவு விரைவாக வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். மூட்டின் உள்ளே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு மட்டும் கிழிந்திருந்தால், வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். முட்டி மடங்கிய நிலையில் சிக்கிக்கொள்வதும் உண்டு.

தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு மருத்துவர் உங்கள் காலை மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார், எம்.ஆர்.ஐ. அதை உறுதிசெய்யும். இந்தக் காயம் பெரும்பாலும் எதிராளி மோதாமலேயே வருகிறது. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, திசை மாறும்போது, குதித்து இறங்கும்போது வரும். கால் தரையில் எவ்வளவு அழுத்தமாகப் பிடித்துக்கொள்கிறதோ, அவ்வளவுக்குத் திருகல் முழுவதும் முட்டியில் இறங்குகிறது.

உறை மாட்டினால் தைரியம் வரும். உள்ளே திருகும் எலும்பை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. முட்டி நழுவும் ஒவ்வொரு முறையும் அந்த மெத்தைக் குருத்தெலும்பு நசுங்குகிறது. நாற்பது வயதுக்குள் மூட்டுத் தேய்மானம் வருவதற்கு அது வழி. அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படாது. திசை மாறி ஓடும் ஆட்டங்களை விட்டுவிடுகிறவர் தொடைத் தசைகளை வலுப்படுத்தியே சமாளிக்கலாம். மறுபடியும் கபடிக் களத்தில் இறங்க விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். அதற்குப் பிறகும் குறைந்தது 9 மாதம் பொறுக்க வேண்டும். அடிபட்ட காலின் வலு, மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். அவசரப்பட்டவர்களுக்குத்தான் மறுபடி கிழிகிறது. வலி ஊசி போட்டு வீரரைக் களத்தில் இறக்கும் அணி நிர்வாகிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிறகு அந்தப் பையனின் முட்டிக்கு யார் பொறுப்பு?

கேள்வி (கல்லூரி வாலிபால் வீராங்கனை): ஒரே கணுக்கால் மூன்றாவது முறையாகச் சுளுக்கியிருக்கிறது. பாட்டி எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறார். சரியா?

பதில்: அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் நீவவே வேண்டாம். உள்ளே கசியும் ரத்தம் கூடும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்தால் வலி தணியும். பாட்டியின் அன்பை வேறு விதமாக வாங்கிக்கொள்ளுங்கள்!

கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எலும்பு முறிந்திருக்கலாம். உடனே எக்ஸ்ரே எடுங்கள். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்தும் எலும்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் வாரக்கணக்கில் படுத்திருக்கத் தேவையில்லை. வலி பொறுக்கும் அளவுக்கு மெல்ல நடக்கத் தொடங்குவதே நல்லது.

மூன்றாவது முறை ஏன் சுளுக்கியது? தசைநாரோடு, கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் பழுதாகிறது. வீக்கம் வடிந்ததும் ஆடப் போய்விடுகிறீர்கள். அந்த உணர்வு தானாகத் திரும்புவதில்லை. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடி நில்லுங்கள். சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

கேள்வி (ஒரு தாய்): என் மகனுக்கு 15 வயது. வேகப்பந்து வீசுகிறான். இடுப்புக்கு மேல் ஒரு பக்கம் வலிக்கிறது என்கிறான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பள்ளி அணி, மன்ற அணி இரண்டிலும் ஆடுகிறான்.

பதில்: அம்மா, பந்துவீச்சை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வலக்கையால் வீசுகிறவனுக்கு இடப்பக்கம் வலித்தால், முதுகைப் பின்னால் வளைக்கும்போது அது கூடினால், முதுகெலும்பில் அழுத்த முறிவாக இருக்கலாம். ஒரே அடியில் உடைவதல்ல இது. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசமில்லாமல் திரும்பத் திரும்ப வளைந்து திருகுவதால் விழும் கீறல். வளரும் எலும்பில் எளிதாக வரும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள். ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2019-இல் வந்ததும் முதுகில் இதே வகை முறிவுதான். 2022-இல் மீண்டும் முதுகுக் காயத்தால் டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டு, 2023-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சில மாத ஓய்வில் எலும்பு கூடிவிடும். அதன் பிறகு, இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களும் அவன் வாரத்தில் வீசும் பந்துகளைச் சேர்த்து எண்ண வேண்டும். வலைப்பயிற்சிப் பந்துகளும் அதில் அடங்கும். இரண்டு பேரும் தனித்தனியே 'நான் குறைவாகத்தான் வீசவைக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். கீழ்க்காலின் முன்பக்க எலும்பின் உள்விளிம்பில் வலி. ஓடலாமா?

பதில்: விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு சாண் நீளத்துக்கு வலித்து, ஓட ஓடக் குறைந்தால் எலும்பை ஒட்டிய அழற்சி. தூரத்தைப் பாதியாகக் குறைத்து மெல்லக் கூட்டுங்கள். ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்து, ஓட ஓடக் கூடி, இரவிலும் வலித்தால் அழுத்த முறிவாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. 'டென்னிஸ் எல்போ' என்கிறார்கள்!

பதில்: மணிக்கட்டை நிமிர்த்தும் தசை முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஒட்டியிருக்கிறது. திருப்புளி பிடிப்பவருக்கும் துணி பிழிபவருக்கும் அங்கே வலிக்கும். கிரிக்கெட் ஆடிய டெண்டுல்கருக்கே இதனால் 2005-இல் அறுவை சிகிச்சை நடந்தது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால், போட்டுக்கொள்ளாதவர்களே மேலான நிலையில் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. படிப்படியாக எடை கூட்டும் மணிக்கட்டுப் பயிற்சியே என் பரிந்துரை.

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர்): கால்பந்தில் இருவர் தலை மோதிக்கொண்டார்கள். ஒரு மாணவன் சற்றுத் தடுமாறினான், மயங்கவில்லை. முகம் கழுவிவிட்டு ஆடுகிறேன் என்றான். அனுமதிக்கலாமா?

பதில்: கூடாது ஐயா. மயங்காமலேயே மூளை அதிர்ந்திருக்கலாம். தடுமாற்றம், மந்தமான பார்வை, கேட்டதையே திரும்பக் கேட்பது, தலைவலி, வெளிச்சம் கூசுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று அவன் ஆட்டம் முடிந்தது. மூளை தேறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். 2019-இல் லார்ட்ஸ் டெஸ்டில் ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்ட ஸ்டீவ் ஸ்மித், திரும்பிவந்து பேட் செய்தார். மறுநாள் அறிகுறிகள் தெரிந்ததால் விலக்கப்பட்டார். மாற்று வீரராக லபுஷேன் இறங்கினார். அறிகுறி தாமதமாகவும் வரும் என்பதால், அந்தப் பையனின் பெற்றோரிடம் இன்றே பேசுங்கள். இரவு தனியாக விடக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாவிட்டால், விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.