60 மணி நேர மூளைப்பயிற்சி கணக்குப் பாடத்துக்கு உதவுமா?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 4இல் படிக்கிறான். நேரடிக் கணக்குகளைப் போட்டுவிடுகிறான். நீளமான வாசகக் கணக்கு என்றால் பாதியில் விட்டுவிடுகிறான். வீட்டில் மூன்று வேலை சொன்னால் ஒன்றுதான் நினைவிருக்கிறது. ஒரு பயிற்சி நிலையத்தில் சோதித்துப் பார்த்து, செயல்நினைவு குறைவு என்றார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர் என்று 60 மணி நேரம் பயிற்சி தருவார்களாம். கட்டணம் பல ஆயிரம் வெள்ளி. மற்றப் பிள்ளைகளின் முன், பின் மதிப்பெண் அட்டைகளையும் காட்டினார்கள். சேர்க்கலாமா, டாக்டர்?
- வாசகி, யீஷூன்

பதில்: முன்பணம் கட்டிவிடாதீர்கள், சகோதரி. அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவும் குறைவு.

ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டே அடுத்ததைச் செய்யும் திறனைத்தான் செயல்நினைவு என்கிறோம். அது குறைவாக உள்ள பிள்ளை கணக்கின் கடைசி வரியைப் படிக்கும்போது முதல் வரி நழுவியிருக்கும். உங்கள் மகனுக்கு அப்படி நடக்கலாம். ஆனால் பயிற்சியால் அது கூடுமா, கூடினாலும் கணக்குப் புத்தகம் வரை வந்து சேருமா என்பது வேறு கேள்வி.

இதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பழகியது கூடுகிறது. எண்களைத் தலைகீழாகச் சொல்லிப் பழகும் பிள்ளை அதில் கெட்டிக்காரனாகிறான். அதைப் போன்ற வேறு சோதனைகளிலும் கொஞ்சம் முன்னேறுகிறான். வாசிப்புக்கோ கணக்குக்கோ அந்தப் பலன் போய்ச் சேர்வதில்லை. மெல்பர்னில் செயல்நினைவு குறைந்த, 6, 7 வயதுப் பிள்ளைகள் 452 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பள்ளியிலேயே 20 முதல் 25 அமர்வுகள் கணினிப் பயிற்சி கொடுத்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகள் கழித்து வாசிப்பில் வேறுபாடு இல்லை. கணக்கில் பயிற்சி பெற்றவர்கள் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். பயிற்சிக்காக வகுப்புப் பாடத்தை விட்டது ஒரு காரணமாக இருக்கலாம்.

அது கணினி, இது நேருக்கு நேர் என்று நிலையத்தில் சொல்வார்கள். நேருக்கு நேர் பயிற்சிக்கும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை சிறியவை. பல, அந்தப் பயிற்சியை விற்கும் நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் செய்தவை. ஒப்பிடப்பட்ட பிள்ளைகளும் பெரும்பாலும் எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்கள். அமெரிக்காவில் இத்தகைய தனிப்பயிற்சி நடத்தும் லேர்னிங்ஆர்எக்ஸ் நிறுவனம், போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2016இல் 2 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது.

அட்டையில் மதிப்பெண் ஏறியது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது ஏன் ஏறியது என்றுதான் பார்க்க வேண்டும். பயிற்சியில் செய்ததைப் போன்ற கேள்விகளே சோதனையிலும் வந்தால் மதிப்பெண் ஏறும். பிள்ளை மோசமாகச் செய்த நாளில் முதல் சோதனை நடந்திருந்தால், இரண்டாவது தானாகவே மேலாக இருக்கும். ஆறு மாதத்தில் பிள்ளை வளர்ந்தும் விடுகிறான். அதனால், அட்டையில் இருப்பது எத்தனை கேள்விக்குச் சரியான பதில் என்ற கணக்கா, வயதுக்கேற்பத் திருத்திய மதிப்பெண்ணா என்று கேளுங்கள். திருத்திய மதிப்பெண்ணில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையே இருப்பார்கள். அதில் நாலைந்து புள்ளி ஏறுவது சோதனையின் வழக்கமான ஏற்ற இறக்கம்தான். இரண்டாவது சோதனையை எடுத்தவர் யார் என்பதையும் கேளுங்கள். பயிற்றுநரே எடுத்திருந்தால் அதை ஆதாரமாகக் கொள்ள மாட்டேன்.

நம் சிங்கப்பூரிலேயே நடந்த ஆய்வையும் சொல்ல வேண்டும். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாடு உள்ள 172 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூளை அலைகளைக் கொண்டு இயங்கும் கணினி விளையாட்டால் 8 வாரம், வாரம் மூன்று முறை பயிற்சி தந்தார்கள்; மற்றப் பிரிவைக் காத்திருக்கச் சொன்னார்கள். 2019இல் வந்த முடிவில், மருத்துவர்கள் மதிப்பிட்ட கவனக்குறைவுப் புள்ளி சராசரியாக 3.5 குறைந்தது, காத்திருந்தவர்களுக்கு 1.9 குறைந்தது. பலன் உண்டு, ஆனால் சிறிது. ஒன்றும் செய்யாதவர்களுக்கும் குறைந்ததைக் கவனியுங்கள். அவர்களோடு ஒப்பிடாமல் இருந்திருந்தால் 3.5 முழுவதும் பயிற்சியின் பெருமையாகியிருக்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பார்வையையும் செவியையும் சோதியுங்கள். மகன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? இந்த வயதுக்கு 9 முதல் 11 மணி நேரம் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுபவன் இரவு ஒன்பதுக்குள் தூங்கியாக வேண்டும். தினமும் குறட்டை விட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கம் கெட்டுப் பகலில் கவனம் சிதற அதுவும் காரணமாகலாம்.

நேருக்கு நேர் கற்பித்தலுக்கு நல்ல பலன் உண்டு, பாடத்தையே கற்பித்தால். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கணக்குக்கான தனி வகுப்புக்குச் செலவிடுங்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி போதும். முதல் ஐந்து நிமிடம் வாய்ப்பாடு. 7 பெருக்கல் 8 யோசிக்காமல் வந்தால்தான் மீதியை மனத்தில் வைக்க இடம் இருக்கும். பிறகு ஒரு வாசகக் கணக்கு: ஒரு வரி படித்ததும் நிறுத்தி, அதைக் கட்டப்படமாக வரையச் சொல்லுங்கள், அடுத்த வரிக்கு அதன் பிறகே போக வேண்டும். மனத்தில் பிடிக்க வேண்டியதைத் தாள் பிடித்துக்கொள்ளும். பெரியவர்கள் பொதுவாக உதவி செய்கிறோம் என்று முழுக் கணக்கையும் வாசித்து விளக்கிவிடுவார்கள். அங்கேதான் பிள்ளை தொலைந்துபோகிறான். வீட்டு வேலைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அல்லது எழுதி ஒட்டுங்கள்.

கவனக்குறைவு வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் தெரிந்தால் முறையான மதிப்பீடு தேவை. வகுப்பாசிரியரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் பேசுங்கள். பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கினால் அரசு மருத்துவமனையில் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். கற்றல் குறைபாடு உறுதியானால், தொடக்கநிலை 6இன் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாட்டுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்க முடியும். பயிற்சி நிலையத்தின் அட்டை அதற்கு உதவாது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கடந்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண் புத்தகம், அவன் பாதியில் விட்ட நாலைந்து கணக்குத் தாள்கள், ஆசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.