வாசகர் கேள்வி–பதில்: பழைய பிக்கப்பும் கால் மைலும்

கேள்வி: என்னிடம் இருப்பது 1970 செவ்ரலே சி-10. ஷார்ட் பெட் (குட்டைத் தொட்டி), 350 கன அங்குல வி-8 இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ். வார இறுதி டிராக் ரேஸில் (கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயம்) ஓட்ட ஆசை. இன்ஜினில் எதை முதலில் மாற்றலாம்?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: இன்ஜினை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே எடை போடுங்கள். காலி பிக்கப்பில் எடையின் பெரும்பங்கு, ஏறக்குறைய 60 சதவீதம், முன்னால்தான் இருக்கும். தள்ள வேண்டிய பின்சக்கரங்கள் மேல் கனம் இல்லை. குதிரைத்திறனைக் கூட்டினால் டயர் புகைதான் கூடும்.

கால் மைலுக்கு எதிர்பார்க்கக்கூடிய நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஓட்டுநரோடு சேர்ந்த எடையை (பவுண்டில்) குதிரைத்திறனால் வகுத்து, கனமூலம் எடுத்து, 5.825-ஆல் பெருக்குங்கள். 4,000 பவுண்டு, 300 குதிரைத்திறன் என்றால் 13.8 வினாடி, 400 என்றால் 12.5. உங்கள் வண்டி இதைவிட ஒரு வினாடி பின்தங்கினால் குறை இன்ஜினில் இருக்க வாய்ப்பு குறைவு, பிடிமானத்தைப் பாருங்கள்.

அடுத்தது பிரேக். 13.8 வினாடியில் ஓடும் வண்டி முடிவுக் கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 99 மைல் வேகத்தில் இருக்கும். 1970 மாடலில் நான்கு சக்கரமும் டிரம். முன் டிஸ்க் 1971-இல்தான் வந்தது. அந்த ஆண்டுப் பாகங்களைப் பொருத்தலாம், ஆனால் அதில் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், உங்களுடையதில் ஆறு. ஆறு போல்ட் டிஸ்க் கிட் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம்முக்கான சிலிண்டரில், பிரேக் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அதோடு டிஸ்க்கை இணைத்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் சூடேறும், நேரமும் போகும்.

கேள்வி: பச்சை விளக்கு எரிந்ததும் வலது பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. முதல் 60 அடிக்கு 2.3 வினாடி ஆகிறது. பின்னால் நாலு மணல் மூட்டை போட்டுப் பார்க்கலாமா? வண்டி 1972 சி-10.
– வாசகர், டாலஸ்

பதில்: மூட்டை கூடாது. தளர்வாகக் கிடக்கும் எந்தச் சுமையையும் பரிசோதகர் அனுமதிக்க மாட்டார். பாரம் வேண்டுமென்றால் இரும்புத் தகடாக, வண்டியின் சட்டத்தோடு (ஃபிரேம்) அரை அங்குல போல்ட் போட்டு முறுக்க வேண்டும். பாரம் ஏற்றுவதற்கு முன்பு பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

வலது சக்கரம் மட்டும் சுற்றுவதற்குக் காரணம், புரொபல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) முறுக்கு பின் அச்சைத் திருகி வலது பக்கத்தைத் தூக்கப் பார்ப்பது. டிஃபரன்ஷியல் சாதாரணமானதென்றால் பிடி இல்லாத சக்கரத்துக்கே சுழற்சி போகும். முதல் செலவு, இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பகிரும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அடுத்தது, வலது காயில் ஸ்பிரிங்கின் உள்ளே ஒரு காற்றுப்பை. இடதைவிட வலதில் சில பவுண்டு காற்று கூடுதலாக வைத்தால் வண்டி நேராகக் கிளம்பும். பின் அச்சைப் பிடிக்கும் நீளமான டிரெய்லிங் ஆர்ம்களையும் குறுக்குக் கம்பியையும் பாருங்கள். ஐம்பது ஆண்டு ரப்பர் புஷ் நைந்திருந்தால் கிளம்பும்போது அச்சே பக்கவாட்டில் நகரும். ஆர்ம் வடிவமைப்பில் குற்றமில்லை. நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயம்) வண்டிகளே இதே அமைப்பில் ஓடியிருக்கின்றன.

டயர்: 275/60ஆர்15 டிராக் ரேடியல் (டிராக் ரேஸுக்கான பிடிமானமுள்ள ரேடியல் டயர்). 20 பவுண்டு காற்றில் தொடங்கி, ஓட்டத்துக்கு ஒரு பவுண்டாகக் குறையுங்கள். பர்ன்-அவுட் (டயரைச் சூடேற்ற நின்ற இடத்தில் சுழற்றுவது) விட்ட கருப்புத் தடத்தைப் பாருங்கள்: நடுப்பகுதி மட்டும் கருத்திருந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் கருத்திருந்தால் குறைவு. கோட்டை நெருங்கும்போது பின்பக்கம் ஆடினால் ஒரு பவுண்டு ஏற்றிவிடுங்கள். பின்னால் பயாஸ் ஸ்லிக் (குறுக்கு இழை கொண்ட, பள்ளமில்லாத பந்தய டயர்), முன்னால் ரேடியல் என்று கலந்து போடாதீர்கள். அதிவேகத்தில் தள்ளாடும்.

60 அடியில் 0.1 வினாடி மிச்சம் பிடித்தால் கால் மைல் முடிவில் 0.15 முதல் 0.2 வரை கிடைக்கும். அதே 0.2-ஐ இன்ஜினில் தேடினால் செலவு எங்கோ போய்விடும்.

கியர் கணக்கு: 28 அங்குல டயருக்கு, மைல் வேகம் × 12 × கியர் விகிதம் = இன்ஜின் சுற்று. 3.07 விகிதத்தில் 99 மைலுக்கு 3,650 சுற்றுதான். இன்ஜின் முழு பலத்துக்கு வருமுன்பே கோடு வந்துவிடும். 4.10 போட்டால் 4,870. ஆட்டோமேடிக் கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கலையும் சேர்த்தால் 5,100. லேசாக மேம்படுத்திய 350-க்கு இது பொருத்தம். சாலையிலும் ஓட்டுவதென்றால் 3.73 போதும், 4.10-இல் 65 மைலுக்கே 3,200 சுற்று கத்தும்.

கேள்வி: டெயில்கேட்டைக் கழற்றிவிட்டு ஓடினால் காற்றுத் தடை குறையுமா?
– வாசகர், ஆஸ்டின்

பதில்: குறையாது. மூடிய டெயில்கேட்டுக்குள் ஒரு காற்றுச் சுழல் தங்கிவிடும். மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். கழற்றினால் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் அருமையான கனத்தையும் இழப்பீர்கள். எடை குறைக்கத்தான் வேண்டுமென்றால் முன்பக்கம்: இரும்பு இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பதில் அலுமினியம், கனமான பம்பருக்குப் பதில் லேசானது.

கேள்வி: பேட்டரியைப் பின் தொட்டிக்கு மாற்றி, வெளியே கட்-ஆஃப் சுவிட்சும் வைத்தேன். பரிசோதனையில் சுவிட்சை அணைத்தும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு எதில் மாட்டுவேன்?
– வாசகர், சான் அன்டோனியோ

பதில்: ஆல்டர்னேட்டர்தான் இன்ஜினுக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கிறது. அதன் சார்ஜ் வயர் சுவிட்சின் வண்டிப் பக்கத்து முனையில் சேர்ந்திருக்கும். அதைத் தனியாகப் பின்னால் இழுத்து, ஃபியூஸ் வைத்து, சுவிட்சின் பேட்டரிப் பக்க முனையில் இணைத்தால் இன்ஜின் அணையும். சுவிட்ச் பாசிட்டிவ் வயரில், வண்டியின் பின்புறம் வெளியே, 'ஆஃப்' என்ற குறியோடு இருக்க வேண்டும். பேட்டரியை இறுக்க 3/8 அங்குல போல்ட் இரண்டு.

என்.ஹெச்.ஆர்.ஏ. (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதிப்படி இந்தப் பழைய வண்டிகளுக்கு 13.99 வினாடி அல்லது அதைவிட வேகமாக ஓடினால் ஹெல்மெட், அதே நேரத்தில் ஸ்லிக் போட்டால் புரொபல்லர் ஷாஃப்ட் வளையம், 11.49 அல்லது அதைவிட வேகமென்றால் ரோல் பார் (கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கம்பி). ரேடியேட்டர் வழிந்தால் பிடிக்க ஒரு பைன்ட் டப்பா. ஓடுதளத்தில் தண்ணீர் சிந்தினால் அடுத்தவர் சறுக்குவார், எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள்.

1967–72 வண்டிகளில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். அதை எடுத்துவிட்டு, பின் அச்சுக்குப் பின்னால் சட்டங்களுக்கு நடுவே புதியது வையுங்கள். உறிஞ்சு குழாய் டேங்கின் பின்பக்கம் இருக்கட்டும். கிளம்பும்போது பெட்ரோல் அங்கேதான் ஒதுங்கும்.

கேள்வி: 14 வினாடி பிக்கப் 12 வினாடி காரை ஜெயிக்கிறதாமே, எப்படி?
– வாசகர், கோவை

பதில்: பிராக்கெட் ரேஸ் என்ற முறையில் முடியும். ஓட்டுநர் தன் வண்டி எடுக்கப்போகும் நேரத்தை முன்பே கண்ணாடியில் எழுதிவைக்க வேண்டும், அது 'டயல்-இன்'. 13.80 எழுதியவருக்கு, 12.50 எழுதியவரைவிட 1.30 வினாடி முன்னால் பச்சை விளக்கு எரியும். எழுதியதைவிட வேகமாக ஓடினாலும் தோல்வி. பச்சைக்கு முன்னால் மஞ்சள் விளக்குகள் மூன்றும் அரை வினாடி இடைவெளியில் எரியும். பழகியவர்கள் கடைசி மஞ்சளைக் கண்டதுமே கிளம்புவார்கள். அதனால்தான் மெதுவான, மாறாத வண்டிக்கு இங்கே மதிப்பு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ரேடியேட்டர் சூடு, ஒரே பெட்ரோல் அளவு, ஒரே டயர் காற்று. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.