அடைப்புக்குறிக்குள் அப்பா

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எனக்கு ஊர். வயது 27. மென்பொருள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது, இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறேன். ஜாவா, பைத்தான், ரியாக்ட், கிளவுட் என்று 11 ஆன்லைன் கோர்ஸ் முடித்துவிட்டேன். இன்னும் அதே சப்போர்ட் வேலைதான். என்னோடு சேர்ந்தவர்கள் டீம் லீட் ஆகிவிட்டார்கள். அடுத்து என்ன படிக்கலாம்? சென்னைக்கே போய்விடவா? (பலசரக்குக் கடை வைத்திருக்கும் அப்பா வேறு, பற்று நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தா என்று இரண்டு வருடமாக நச்சரிக்கிறார். சின்ன வேலைதான், நேரமில்லை.)

பதில்: தம்பி, 12-வது கோர்ஸ் வேண்டாம். சென்னையும் வேண்டாம், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலேயே சோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் நடக்கிற காலத்தில் ஊர்மேல் பழி போடாதீர்கள்.

எனக்கு அந்த அடைப்புக்குறிதான் உறுத்துகிறது. 11 கோர்ஸுக்கு நேரம் இருந்திருக்கிறது, உங்களைப் படிக்க வைத்த கடைக்கு இல்லை. பெற்றவர் இரண்டு வருடம் கேட்டும் செய்யாததற்கு நச்சரிப்பு என்று பெயர் வேறு. இதை நான் லேசில் விடமாட்டேன்.

சின்ன வேலை என்கிறீர்களே, அந்த நோட்டை எப்போதாவது பிரித்துப் பார்த்தீர்களா? அப்பா தப்பாக எழுதிவிட்டால் பக்கத்தைக் கிழிக்கமாட்டார். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே சரியானதை எழுதுவார், ஏனென்றால் நாளைக்கு யாராவது வந்து நின்று கேட்டால் காட்ட வேண்டும். கணக்கு வைக்கும் டேட்டாபேஸிலும் இதுதான் விதி, பழைய வரியை அழிக்காதே, திருத்தத்தைப் புதுவரியாகப் போடு. அப்புறம் நம் ஊரில் எத்தனை இசக்கி! மேலத்தெரு இசக்கி, பால்கார இசக்கி என்று அப்பா பிரித்து வைத்திருப்பார். நீங்கள் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒருத்தி வாங்கிய எண்ணெய் இன்னொருத்தி கணக்கில் ஏறும், மறுநாள் கடைவாசலில் சண்டை. பைசாவை ரூபாயின் தசமமாக வைத்தீர்களோ, பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.3-க்குப் பதில் 0.30000000000000004 என்று வரும். எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணாக வைக்க வேண்டும். இது எந்தக் கோர்ஸிலாவது வந்திருக்கும், நீங்கள் சான்றிதழுக்காகத் தள்ளிவிட்டுப் போயிருப்பீர்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும், போன் தொலைந்தால் கணக்கு எங்கே இருக்கும், மூன்று மாதம் கழித்து நீங்கள் எழுதியதே உங்களுக்குப் புரியுமா என்பதெல்லாம் ஆள் பயன்படுத்த ஆரம்பித்த பிறகுதான் வரும். புரோகிராம் எழுத இப்போது ஏஐ இருக்கிறது, அரைமணியில் தந்துவிடும். எந்த இசக்கி என்று அதற்கு யார் சொல்வது? முதல் நாளிலிருந்தே கிட்டில் (Git, புரோகிராமில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) போட்டு வையுங்கள், தப்பு எங்கே நுழைந்தது என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். இன்டர்வியூவில் என்ன செய்தாய், யார் பயன்படுத்துகிறார்கள், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்டால், இப்போதைக்கு உங்களிடம் சொல்ல 11 பிடிஎஃப்தான் இருக்கிறது.

ஆபீஸிலும் நீங்கள் இப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டவர் முகத்தைப் பார்க்காமல், இது சின்னது, இது என் மாட்யூல் இல்லை என்று ஒதுக்குகிறவரை யார் தம்பி லீட் ஆக்குவார்கள்?

சரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போங்கள். மத்தியானம் வேண்டாம், அப்பா கண் அயர்கிற நேரம். லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அப்பா பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டிக்கொடுங்கள், கூட்டம் நெருக்கும்போது எதை முதலில் எழுதுகிறார், எதை மனசில் வைத்து அப்புறம் எழுதுகிறார் என்று கவனியுங்கள். அன்றைக்கு அதுபோதும்.