கணையத்தின் பீட்டா செல்களில் குளுக்கோகைனேஸ் இருப்பதை எப்படி உறுதிசெய்வது?

குளுக்கோகைனேஸ் என்பது குளுக்கோஸில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி; பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரப்பவை. திசுச் சீவலில், இந்த நொதியைப் பற்றும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) இட்டுப் பழுப்பு நிறம் தெரிந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில்.

கணையத்தை முழுமையாக அரைத்து நொதியின் செயலை அளப்பதிலும் பயனில்லை. ஹார்மோன் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் அதன் எடையில் 1 முதல் 2 சதவீதமே என்பதால், கிடைக்கும் அளவு பெரும்பாலும் செரிமான நொதிகளைச் சுரக்கும் செல்களுடையதாகவே இருக்கும். திட்டுகளைத் தனியே பிரித்தெடுத்தாலும், அதே வேலையைச் செய்யும் மற்ற ஹெக்சோகைனேஸ்கள் குறுக்கிடும். குளுக்கோஸ் லிட்டருக்கு 1 மில்லிமோலுக்கு வெகு கீழே இருக்கும்போதே அவை தம் உச்ச வேகத்தில் பாதியை எட்டிவிடுகின்றன. குளுக்கோகைனேஸுக்கோ ஏறத்தாழ 8 மில்லிமோல் தேவை. ஆகவே 100 மில்லிமோலில் கிடைத்த வேகத்திலிருந்து 0.5 மில்லிமோலில் கிடைத்ததைக் கழித்தால், எஞ்சுவது பெரும்பாலும் குளுக்கோகைனேஸ்தான். ஆனால் அது எந்தச் செல்லில் உள்ளது என்பது இதில் தெரியாது.

அதற்குத்தான் எதிர்ப்பொருள். எடுத்த திசுவை உடனே ஃபார்மலினில் இடாவிட்டால், கணையம் தன் நொதிகளாலேயே தன்னைச் செரித்துக்கொள்ளும். எலியில் பீட்டா செல்கள் திட்டின் நடுவிலும், குளுக்ககான் ஹார்மோனைச் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் விளிம்பிலும் இருப்பதால் இடத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். மனிதத் திட்டுகளில் இரண்டும் கலந்து கிடப்பதால், அதே சீவலில் இன்சுலினையும் குளுக்ககானையும் வேறு நிறங்களில் காட்டியே தீர வேண்டும். ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்துவோர், வயதானவர்களின் பீட்டா செல்களில் சேரும் லிப்போஃபியூசின் என்னும் நிறமி தானாகவே ஒளிரும் என்பதை மறந்துவிடக் கூடாது. எதிர்ப்பொருள் இடாத சீவல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பொருளை, அதை உருவாக்கப் பயன்பட்ட புரதத் துண்டுடன் (பெப்டைடு) முன்கூட்டியே கலந்து, நிறம் மறைவதைச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை: எதிர்ப்பொருள் வேறொரு புரதத்தைப் பற்றியிருந்தாலும் நிறம் மறையத்தான் செய்யும். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் 50 கிலோடால்டன் அருகே ஒரே பட்டை தெரிகிறதா என்று பார்ப்பது மேல். ஹெக்சோகைனேஸ் 1, 2, 3 ஆகியவை 100 கிலோடால்டன் அளவிலானவை என்பதால் குழப்பம் குறைவு.

இத்துடன், நொதியை உருவாக்கும் கட்டளையைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவையும் திசுவிலேயே கண்டறிந்து, நொதியும் அதுவும் ஒரே செல்லில் பொருந்தினால் நான் ஏற்பேன். அப்போதும் ‘பீட்டா செல்லில் உள்ளது’ என்று எழுதலாமே தவிர ‘பீட்டா செல்லில் மட்டும்’ என்று எழுத முடியாது. ஆல்ஃபா செல்களிலும் குளுக்கோகைனேஸ் உண்டு.